எந்த ஊசி, எந்தக் கடை?

(பொது நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் இரண்டு கேள்விகளைப் போட்டிருக்கிறார்கள். எடை குறைக்கும் ஊசிகளில் எது நல்லது, அதை யாரிடம் வாங்குவது. மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே காலத்தைக் கழித்தவன் நான். முதல் கேள்விக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பதில் கிடக்கிறது, தேடினால் எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு எந்தக் கட்டுரையும் பதில் சொல்வதில்லை. ஆனால் இந்த ஊசியால் நம் ஊரில் ஒருவருக்குப் பெரிய கேடு வந்தால், மவுஞ்சாரோ என்ற ஊசிக்குப் பதில் வெகோவி என்ற ஊசி போட்டதால் வராது. வாங்கக் கூடாத இடத்தில் வாங்கியதால்தான் வரும். அதனால் முதல் கேள்வியைச் சுருக்கிக்கொண்டு இரண்டாவதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நடந்ததை முதலில் பார்ப்போம். 2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் நோவோ நார்டிஸ்க்கின் வெகோவி, டிசம்பரில் அவர்களுடைய ஓசெம்பிக். 2025 அக்டோபர் மாத விற்பனைக் கணக்கை எடுத்தபோது, இந்தியாவில் பண மதிப்பில் மிக அதிகமாக விற்ற மருந்து மவுஞ்சாரோ. ஆகுமென்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தெரியாத வீடு உண்டா? அதையே தாண்டிவிட்டது. வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வேகத்தில் ஒரு மருந்து விற்றால், அதை விற்க உரிமம் உள்ளவர்களும் வருவார்கள், இல்லாதவர்களும் வருவார்கள்.

மருந்து என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டதும் நம் குடலில் ஜி.எல்.பி-1 என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்பும். இதை அப்படியே மருந்தாக்க முடியவில்லை, ஏனென்றால் இரண்டே நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். வழி காட்டியது ஒரு பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற அந்தப் பல்லியின் விஷத்தில், ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும், ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை நியூயார்க் மருத்துவர் ஜான் எங் கண்டுபிடித்து 1992-இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்த எக்சனடைடு 2005-இல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. நாளுக்கு இரண்டு ஊசி. பிறகு வந்த லிராகுளூட்டைடு நாளுக்கு ஒன்று, செமாகுளூட்டைடு வாரத்துக்கு ஒன்று. ஓசெம்பிக், வெகோவி இரண்டுக்குள்ளும் இருப்பது இந்தச் செமாகுளூட்டைடுதான். முதலாவது சர்க்கரை நோய்க்கென்றும் இரண்டாவது எடைக்கென்றும் அனுமதி பெற்றவை. மவுஞ்சாரோவில் இருப்பது டிர்செபடைடு. அது ஜி.எல்.பி-1 மட்டுமல்லாமல் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இதுவும் வாரம் ஒன்று.

எது அதிகம் குறைக்கிறது? இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. 2021-இல் வந்த ஆய்வில் 1,961 பேருக்கு 68 வாரம் செமாகுளூட்டைடோ வெற்று ஊசியோ கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து போட்டவர்களுக்குச் சராசரி 14.9 சதவீதம் எடை குறைந்தது, வெற்று ஊசிக்காரர்களுக்கு 2.4. அடுத்த ஆண்டு டிர்செபடைடு ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களுக்கு 72 வாரத்தில் 20.9 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 2025-இல் வெளிவந்தது. டிர்செபடைடு 20.2, செமாகுளூட்டைடு 13.7. நூறு கிலோ எடையுள்ளவருக்கு ஆறு, ஏழு கிலோ வித்தியாசம்.

அப்படியென்றால் டிர்செபடைடு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் இவை சராசரிகள். அந்த ஆய்வுகளில் ஐந்து சதவீதம்கூடக் குறையாதவர்களும் இருந்தார்கள், கால் பங்கு எடையை இழந்தவர்களும் இருந்தார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். மேலும் எடை ஒன்றுதான் கணக்கா? ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், ஆனால் சர்க்கரை நோய் இல்லாதவர்கள் என்று 17,604 பேரை வைத்துச் செமாகுளூட்டைடுக்கு ஓர் ஆய்வு நடந்தது. 2023-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் ஒருவர் என்னிடம் கேட்டால், தராசு காட்டும் அந்த ஆறு கிலோவைவிட இந்த 20 சதவீதத்தைப் பற்றி உங்கள் இதய மருத்துவரிடம் பேசுங்கள் என்பேன்.

யாருக்கு இந்த ஊசி தேவை? அனுமதியில் எழுதியிருப்பது: பி.எம்.ஐ. என்ற உயர-எடைக் கணக்கு 30 அல்லது அதற்கு மேல்; இல்லையென்றால் 27 அல்லது அதற்கு மேலிருந்து கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொல்லை ஏதாவது. இந்த எண்கள் வெள்ளையர் உடம்பை வைத்து எழுந்தவை. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயின் சி.எஸ். யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. உடம்புக் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியான கை கால், நடுவில் தொப்பை என்ற நம் உடல்வாகுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 25-லேயே உடல்பருமன் என்கிறார்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பி.எம்.ஐ. 25-ஐ எட்டியவர்கள். சென்னையிலிருந்து டாக்டர் அஞ்சனாவும் டாக்டர் மோகனும் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023-இல் கணக்குச் சொன்னது. ஆகவே தேவை இருப்பவர்கள் ஏராளம். கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ குறைய வேண்டும் என்று வருபவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் கடைக்கு முதலில் வருபவர் அவர்தான்!

சிலருக்கு இது கூடவே கூடாது. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள். கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள். செமாகுளூட்டைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடு போடும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தொடங்கிய நாலு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நாலு வாரமும் வேறு தடுப்பும் வேண்டும். இதை எத்தனை கடையில் சொல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், சர்க்கரையால் கண் பாதித்தவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன்பும் இந்த ஊசி போடுவதைச் சொல்லியாக வேண்டும். இரைப்பையில் சாப்பாடு தங்கியிருந்தால் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும். மற்றபடி குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் எல்லாம் சகஜம். பெரும்பாலும் அளவைக் கூட்டும் வாரங்களில் வந்து அடங்கும். அதனால்தான் வெகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி நாலு நாலு வாரமாக 2.4 வரைக்கும், மவுஞ்சாரோ 2.5-இல் தொடங்கி 15 வரைக்கும் படிப்படியாக ஏறுகின்றன. நேரே மேல்படிக்குப் போனால் சீக்கிரம் குறையும் என்று யாராவது சொன்னால் அவர் உங்களுக்கு வேண்டியவர் இல்லை.

தசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறையும் எடை முழுதும் கொழுப்பு இல்லை. கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத எடை போகிறது என்று ஆய்வுகளில் தெரிகிறது. நம் தட்டில் சோறுதான் மலை, பக்கத்தில் பருப்பும் பொரியலும் ஓரமாக. பசி போனதும் என்ன செய்கிறோம்? சோற்றையும் பாதியாக்குகிறோம், பருப்பையும் பாதியாக்குகிறோம். அறுபது வயதில் இப்படித் தசை கரைந்தால், எடை குறைந்த மகிழ்ச்சியோடு மாடிப்படியில் தடுக்கி விழ வேண்டியதுதான். முட்டை, மீன், சுண்டல், தயிர், எது முடியுமோ அதைச் சோற்றுக்கு முன்னால் சாப்பிடுங்கள். வாரம் இரண்டு மூன்று நாளாவது கனம் தூக்கும் பயிற்சி வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை விற்பவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், சொன்னால். செமாகுளூட்டைடு ஆய்வில் ஊசியை நிறுத்திய ஒரே ஆண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. டிர்செபடைடிலும் நிறுத்தியவர்களுக்கு ஏறியது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில்லையா, அது மாதிரிதான். ஆக, கேட்க வேண்டியது ‘முதல் மாதம் எவ்வளவு’ என்பதல்ல, ‘மூன்று வருஷம் கட்ட முடியுமா’ என்பது. மவுஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. மாதத்துக்கு நாலு வேண்டும். வெகோவி தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாயில் வந்து, 2025 நவம்பரில் 10,850-க்கு இறங்கியது. ஓசெம்பிக் 8,800-இல் தொடங்கியது. அளவு ஏற ஏற விலையும் ஏறும். இந்த ஏற்றத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஐந்தாவது மாதத்தில் கையைப் பிசைகிறார்கள். கையைப் பிசையும் அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும், பாதி விலை என்று.

இனி கடைக்கு வருவோம்.

2026 மார்ச்சில் செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமை முடிந்தது. அதற்கு முன்பே நம் நாட்டு மருந்து நிறுவனங்கள் பல அதே மருந்தைத் தங்கள் பெயரில் விற்கத் தயாராகி நின்றன. இது நல்ல செய்தி என்றுதான் நான் நினைக்கிறேன். ஜெனரிக் என்றாலே தரம் குறைந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடு, முகவரியும் உரிம எண்ணும் போட்டு வரும் இந்தியச் செமாகுளூட்டைடை ஒதுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. உலகத்தின் பெரும்பாலான நாடுகளுக்கு மருந்து அனுப்புகிறவர்கள் நாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் பிறந்துவிட்டது. முன்பெல்லாம் போலி மருந்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது: விலை. பதினைந்தாயிரம் ரூபாய் மருந்தை மூவாயிரத்துக்குத் தருகிறேன் என்றால் அது பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இப்போது உண்மையான மருந்தே பல விலையில், பல பெயரில், குப்பியாகவும் பேனாவாகவும் வருகிறது. விலையைப் பார்த்து மெய் பொய் சொல்ல முடியாத காலம் இது. புதுப்பெயர் ஒன்றைக் காட்டினால் அது உள்ள கம்பெனியா இல்லாத கம்பெனியா என்று எனக்கே ஒரு நிமிடம் யோசனை வரும். அதனால் பொருளைப் பார்த்து முடிவு செய்வதைவிட, பொருள் வந்த வழியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வந்த வழி ஏன் முக்கியம் என்பதற்கு வெளிநாட்டுக் கதைகள் போதும். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஓசெம்பிக் என்று நம்பிப் போட்டுக்கொண்ட சிலர், சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், சர்க்கரை நோயே இல்லாத ஒருவர், பசி அடங்குவதற்காக, தன் கையாலேயே இன்சுலினை ஏற்றிக்கொள்கிறார். அதே மாதம் ஐரோப்பாவில் ஜெர்மன் லேபிள் ஒட்டிய போலிப் பேனாக்கள் மொத்த வியாபாரிகளிடமே பிடிபட்டன. டிசம்பரில் அமெரிக்காவில் முறையான விநியோக வழிக்குள்ளேயே போலி புகுந்துவிட்டது. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்று இடத்திலும் கிடைத்த போலிச் செமாகுளூட்டைடு பற்றி எச்சரிக்கை விட்டது. ஐரோப்பாவில் பிடிபட்டது எப்படித் தெரியுமா? பெட்டியிலிருந்த வரிசை எண்ணை ஸ்கேன் செய்தபோது அது செயலில் இல்லாத எண் என்று தெரிந்தது. எண்ணும் காகிதமும்தான் காட்டிக்கொடுத்தன. பேனாவைக் கண்ணால் பார்த்து அல்ல.

நம் சட்டம் இதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945-ஆம் ஆண்டு விதிகளும். சில்லறை மருந்துக் கடைக்கு உரிமம் வேண்டும், அதைக் கடையில் எல்லாருக்கும் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். இந்த வகை மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. பதிவுபெற்ற மருந்தாளுநர் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். பில் தர வேண்டும். எடைக்கான இந்த ஊசிகளுக்கு அனுமதி கொடுத்தபோது, உட்சுரப்பியல் வல்லுநர், பொது மருத்துவ வல்லுநர் போன்றவர்களே எழுத வேண்டும் என்றும் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். இன்னொரு சட்டம் 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. அந்தப் பட்டியலில் உடல்பருமனும் இருக்கிறது. சட்டம் வந்தே எழுபது வருஷத்துக்கு மேலாகிறது! பிறகு எப்படி பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் பத்து நாளில் பத்து கிலோ என்று எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள், அது தனிச் சொற்பொழிவு. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த ஊசியின் பெயரைப் போட்டு, முன்பின் படம் போட்டு, இன்ஸ்டாகிராமில் ஒருவர் கூவுகிறார் என்றால், சட்டத்தை மதிக்காமல்தான் அவர் கடையே ஆரம்பமாகிறது. மீதியில் மட்டும் ஏன் மதிக்கப்போகிறார்?

நல்ல கடையை எப்படி அறிவது? என் அனுபவத்தில் ஒரே அடையாளம் சொல்வேன். அவர்கள் கேள்வி கேட்பார்கள். சீட்டு எங்கே, யார் எழுதியது, எத்தனையாவது வாரம், போன மாதம் எந்த அளவு, இன்சுலின் போடுகிறீர்களா, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும். கிளிமெபிரைடு கேள்வி சும்மா இல்லை. அதோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும், மருத்துவர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இத்தனை கேட்பதைச் சிலர் தொல்லை என்று நினைத்து, கேட்காமல் எடுத்துத் தருகிற கடைக்குப் போகிறார்கள். கேட்காமல் தருகிறவர் வாங்கும்போதும் யாரையும் கேட்காமல்தான் வாங்கியிருப்பார்.

திரும்ப நீங்களும் கேட்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் காசு. “சார், இது எந்த ஸ்டாக்கிஸ்டிடமிருந்து வருகிறது?” ஒழுங்கான கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், கொள்முதல் பில் அவர் கையில் இருக்கும். “ஃப்ரிட்ஜில் வெப்பமானி இருக்கிறதா?” பால் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருக்கும் வீட்டு ஃப்ரிட்ஜாக இருந்தால் வேறு கடை பாருங்கள். “ராத்திரி கரண்ட் போனால்?” இன்சுலின் நிறைய விற்கிற கடைக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும். அதனால்தான் புதிதாகப் பளபளவென்று திறந்த கடையைவிட, பத்து வருஷமாகச் சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் வாங்கும் கடையை நான் நம்புவேன்.

வெப்பம் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஊர்ப் பிரச்சினை. திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் 30 டிகிரிக்குள் சில வாரம் தாங்கும், எத்தனை நாள் என்று ஒவ்வொரு மருந்தின் தாளிலும் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். 30 டிகிரி! வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் 40 டிகிரி. மொட்டை வெயிலில் டெலிவரிப் பையன் பைக்கில் பின்னால் கட்டிவந்த பார்சலுக்குள் எத்தனை டிகிரி? மருந்து கெட்டால் நிறம் மாற வேண்டும் என்பதில்லை, பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது. நீங்களோ மருந்து எனக்குப் பிடிக்கவில்லை என்று அடுத்த அளவுக்கு ஏறுவீர்கள். உறைந்துபோவது இன்னும் மோசம். ஃப்ரீசர் சுவரை ஒட்டி வைத்து உறைந்த ஊசி, உருகிப் பழையபடி ஆனாலும் குப்பைக்குத்தான். வீட்டில் நடுத்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். வாங்கும்போது ஐஸ் ஜெல் வைத்த பையைக் கேளுங்கள்; ஐஸைத் தொட்டபடி ஊசியை வைக்காதீர்கள்.

பெட்டியைப் படிப்பது அடுத்தது. மருந்தின் பெயரும் அளவும், பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி, உரிம எண், ரூபாயில் எம்.ஆர்.பி. வெளிநாட்டுத் தயாரிப்பென்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும். ரூபாய் விலையே இல்லாமல் அரபியிலோ துருக்கியிலோ எழுதியிருந்தால் அது இந்தியக் கடைக்கென்று வந்ததில்லை. வெளியே அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் உள்ளே பேனாவில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண் பில்லிலும் இருக்க வேண்டும். பில்லில் கடையின் உரிம எண்ணும் இருக்கும். ஆன்லைனில் வாங்கினாலும் இதே கணக்குதான். இணைய மருந்து விற்பனைக்கென்று தனி விதிகளை 2018-இல் வரைவாக வெளியிட்டார்கள், வருடக்கணக்கில் வரைவாகவே கிடந்தது. அதனால் ஆப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், பில் எந்த உரிமம் பெற்ற கடையின் பெயரில் வருகிறது என்று பாருங்கள். சீட்டைக் கேட்காமல் அனுப்பினாலோ, ‘எங்கள் டாக்டர் இப்போதே போனில் எழுதிவிடுவார்’ என்று இரண்டு நிமிடத்தில் முடித்தாலோ, அது மருத்துவம் இல்லை, சீட்டுத் தயாரிப்பு.

இனி, தவிர்க்க வேண்டிய இடங்கள். ஜிம். பயிற்சியாளர் நல்ல பையனாக இருக்கலாம், ஆனால் மருந்து விற்க அவருக்கு உரிமம் இல்லை. அழகு நிலையங்களும் எடைக்குறைப்பு மையங்களும் ‘பன்னிரண்டு வாரப் பேக்கேஜ்’ விற்கின்றன. உள்ளே ஒரு அறையில் குப்பியிலிருந்து உறிஞ்சி வந்து போட்டு விடுகிறார்கள். எந்தக் குப்பி, எந்த மருந்து, எத்தனை பேருக்குப் பிரித்தது என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கண்முன்னால் பெட்டியைப் பிரிக்காத இடத்தில் கையை நீட்டாதீர்கள். இன்னொன்று, பன்னிரண்டு வாரத்துக்கும் பணம் வாங்கிவிட்டவர், நாலாவது வாரம் உங்களுக்கு வாந்தி நிற்காதபோது நிறுத்தச் சொல்வாரா? மருத்துவமனையிலேயே எழுதி அங்கேயே விற்பதும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆனால் அங்கே பொறுப்பேற்க ஒருவராவது இருக்கிறார்.

பெப்டைடு பொடி என்று ஒன்று இப்போது சுற்றுகிறது. சிறு குப்பியில் வெள்ளைப் பொடி, தனியாக ஒரு தண்ணீர்க் குப்பி, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிள். நீங்களே கலக்கி இன்சுலின் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட வேண்டுமாம். அமெரிக்காவில் இப்படிக் குப்பியிலிருந்து தாங்களே அளந்து போட்டவர்களில் சிலர், மில்லிகிராமையும் யூனிட்டையும் குழப்பிக்கொண்டு, போட வேண்டியதைப்போல ஐந்து மடங்கு, இருபது மடங்கு வரை போட்டதாக அவர்கள் மருந்துத் துறையே எச்சரித்தது. ரெட்டாட்ரூட்டைடு என்ற பெயரில் பொடி விற்கிறார்கள். அது லில்லி இன்னும் ஆய்வில் வைத்திருந்த காலத்திலேயே இங்கே பொடியாகக் கிடைத்தது என்றால் அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. முறையான குப்பியை வாங்குகிறவர்களும் இந்த யூனிட் குழப்பத்தில் கவனமாக இருங்கள். பிராண்டு மாறினால் மருந்தின் செறிவு மாறலாம். எத்தனை மில்லிகிராம், அது எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்று மருத்துவரையே சீட்டில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மச்சான் கொண்டுவருவது பற்றி நிச்சயம் கேட்பீர்கள். தன் உபயோகத்துக்குக் கொஞ்சம் மருந்து எடுத்துவர விதியில் இடம் உண்டு, கொண்டுவந்து விற்க இடம் இல்லை. விமானத்தின் அடியில் சரக்கு அறையில் போன பெட்டி உறைந்திருக்கலாம், விமான நிலையத்தில் வெயிலில் கிடந்திருக்கலாம். இதையெல்லாம் பார்த்தால், இங்கேயே விலை இறங்கிவிட்ட பிறகு அந்த மெனக்கெடல் எதற்கு என்று தோன்றுகிறது. அக்காவும் தங்கையும் ஒரே பேனாவைப் பங்கு போடுவதும் நடக்கிறது. ஊசி முனையை மாற்றினாலும் பேனாவுக்குள் ரத்தம் பின்னோக்கி ஏறியிருக்கலாம். மஞ்சள்காமாலைக் கிருமியையும் சேர்த்துப் பங்கு போடுவது அது.

தீர்ந்த பேனாவையும் பெட்டியையும் முழுதாகக் குப்பையில் போடாதீர்கள், அசல் பெட்டிக்கு வெளியே கிராக்கி உண்டு. ஊசி முனையைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மருத்துவமனையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அட்டையைக் கிழித்துப் போடுங்கள். ஆனால் அந்த மருந்து தீரும்வரை அட்டையும் பில்லும் வீட்டில் இருக்கட்டும். திடீரென்று படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள், இன்சுலினாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவி நிற்காமல் இருந்தால், ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினால், அடுத்த ஊசியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், பேனாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. பக்கவிளைவைத் தெரிவிக்கக் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் வைத்திருக்கிறது, நோயாளியே கூப்பிடலாம். மருந்தே போலி என்று சந்தேகம் வந்தால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் முதலில் கேட்பது பேட்ச் எண்ணும் பில்லும்தான். இரண்டும் கையில் இருந்தால் எந்த ஸ்டாக்கிஸ்ட், எந்த லாரி, எந்தக் கம்பெனி என்று அவரால் பின்னோக்கிப் போக முடியும். ஜிம்மில் ஒருவர் கொடுத்தார் என்று மட்டும் சொன்னால், அவர் அந்த ஜிம் வாசலோடு நின்றுவிடுவார்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.